பால் காய்ச்சிய நாளில் எரிந்த வீடு

நேற்று பெயின்டர் ஹாலின் மூலைச் சுவரைச் சுரண்டினார். மேல் பூச்சு உதிர்ந்ததும் உள்ளே கரி தெரிந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது. எரிந்த பிளைவுட், எரிந்த துணி, அதன் மேல் தண்ணீர் பட்ட புளிப்பு. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போகத் தோன்றவில்லை.

"சார், இதும் மேல எத்தினி கோட் அடிச்சாலும் கறை வெளிய வரும். மொதல்ல வேற ஒண்ணு அடிச்சி மூடணும். முன்னாடி யாரோ நல்லா தேச்சிருக்காங்க சார், இல்லனா இன்னும் மோசமா இருக்கும்" என்றார்.

நீதான் தேய்த்தாய். தலையில் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, சோப்புத்தூள் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து. முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவள் ஸ்டூலில் ஏறினாய். இறங்கச் சொன்னால், "நீங்க ஏறிப் பாருங்களேன், பிடிச்சிக்கிறேன்" என்பாய். எனக்குத் தலைசுற்றும் என்பது உனக்குத் தெரியும்.

கவிதா மறுபடி வீட்டை விற்கச் சொல்கிறாள். புத்தூரில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய், திருப்பதிக்கு வந்துவிடு என்கிறாள். மகள் சொல்வது சரிதான். ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு முறை இந்த வீட்டை விற்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

முதல்முறை எனக்குத் தெம்பு தேவைப்படவில்லை. உன் ஆசையே வண்டியை இழுத்துக்கொண்டு போனது. ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கை, ஓய்வுபெறும் முன் கட்டிய இந்த வீட்டில் மீதி என்று நான் நினைத்திருந்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதைப் பிடித்து நிரப்ப வேண்டும், குளியலறை வெளியே, சமையலறையில் எல்லாம் உயரத்தில். திருப்பதியில் கவிதா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி புதிதாகக் கட்டிய ஃப்ளாட் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார்கள். லிஃப்டில் மேலே போனோம். வீட்டைப் பார்த்தோம். கீழே வந்ததும், "இன்னொருவாட்டி போய்ட்டு வரலாமா?" என்றாய். எதையோ மறந்துவிட்டாயாக்கும் என்று நினைத்தேன். நீ மறக்கவில்லை. சும்மா லிஃப்டில் போக ஆசை. நானும் நீயும் மட்டும் ஏறி, மேலே போய், இறங்காமலே கீழே வந்தோம். நீ கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

அந்த பால்கனியில் நின்றால் மலை தெரிந்தது. "காலையில இங்க குந்திகினு மலைய பாத்துகினே காபி குடிப்பேன். தண்ணி வந்துச்சா, மோட்டார் போட்டியானு ஒரு பேச்சு பேச மாட்டேன்" என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது. அதற்கு இந்த வீட்டை விற்றாக வேண்டும்.

வாங்க வந்தவர்கள் நகரிக்காரர்கள். கோதண்டன், கவிதாவின் மாமனார் வழியில் தூரத்து உறவு. தறி வைத்திருந்தவர். மகனுக்குச் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை, அவனுக்காகத்தான் வீடு. வீடு பார்க்க வந்த அன்று கோதண்டனின் மனைவி சரோஜா ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். மருமகள் பவித்ரா பின்னாலேயே போனாள். அப்போது அவள் வயிறு லேசாகத் தெரிந்தது. நீ சந்தோஷமாக எத்தனை மாதம் என்று கேட்டாய். பவித்ரா வாய் திறக்கும் முன் சரோஜா சொன்னார்.

"மொதல்ல ஒண்ணு தங்கலீங்க. இவ வந்ததுலேந்து எங்க வூட்டுல எதுவுமே தங்கல. தறி ரெண்டு வித்தோம். வூடு மாத்தினாலாவது ராசி மாறுதானு பாக்கலாம்."

அந்தப் பெண் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனபிறகு நீ காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "ஒருத்தர் எதிர்ல இப்பிடியா பேசுவாங்க" என்றாய். நான் அட்வான்ஸ் வந்த நிம்மதியில் இருந்தேன். சரியாகக் காதில் வாங்கவில்லை.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால் அது அடுத்த வாரம்தான். அதற்குள் ஆடி பிறந்துவிடும். கோதண்டன் போன் செய்தார். "சார், ஆனிக்குள்ள இந்த வியாழக்கிழமை ஒண்ணுதான் நல்ல நாளு. உங்க சாமான் இருந்தா இருக்கட்டும், ஒரு மூலையில பால் மட்டும் காச்சிக்கிறோம்" என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. பத்திரம் நம் பேரில் இருக்கும்போது இன்னொருவர் எப்படிப் பால் காய்ச்சுவது? நீதான், "இன்னா ஆய்டப்போவுது, அந்தப் பொண்ணுக்கு நல்லது நடந்தா நடக்கட்டும், குடுங்க சாவிய" என்றாய்.

அன்று அவர்கள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நாம் திருப்பதிக்குக் கிளம்பினோம். அவர்கள் விசேஷத்துக்கு நடுவில் நாம் எதற்கு என்று நீதான் சொன்னாய். போகிற போக்கில் பித்தளைப் பாத்திரங்களை ஒரு மூட்டை கட்டிக்கொண்டாய். மற்றதெல்லாம் அட்டைப் பெட்டிகளில் ஹாலில் அடுக்கியிருந்தது. உன் பட்டுப்புடவைகள், கவிதாவின் சின்ன வயது போட்டோக்கள், என் புத்தகங்கள், மெத்தைகள். நெருப்புக்கு நாமே எடுத்துவைத்த மாதிரி.

திரும்பி வரும்போது பஸ் வடமாலபேட்டையில் நின்றிருந்தது. நீ ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தாய். என் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ரெட்டெம்மா. அவள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிறவள், அன்று அழுகையும் சேர்ந்து ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, மீ இல்லு... பொகை அண்ணா, ஜன்னல்லேந்து பொகையா வர்து, ஃபயர் வண்டிக்குச் சொல்லிட்டாங்க, சீக்கிரம் ரண்டி" என்றாள். நம் வீட்டிலிருந்து புகை வருகிறதாம், உடனே வரச் சொல்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். நீ கையிலிருந்த பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். 

நாம் போனபோது தீயை அணைத்துவிட்டார்கள். ஹால் முழுக்கப் போய்விட்டது. சமையலறையில் பாதி. படுக்கை அறையில் புகை. வாசல்வரை கறுப்புத் தண்ணீர் ஓடிவந்திருந்தது. அதில் பவித்ரா போட்ட கோலம் கரைந்து கிடந்தது. தெருவே நின்றிருந்தது. நகரிக்குத் திரும்பிப்போன கோதண்டன் குடும்பமும் செய்தி கேட்டு அதற்குள் வந்து நின்றது.

சரோஜா என்னைக்கூடப் பார்க்கவில்லை. நேராக மருமகளிடம் திரும்பி, "கடைசியா வெளிய வந்தது நீதான? வெளக்க அமத்திட்டியானு கேட்டேனா இல்லியா? அமத்திட்டேன்னு சொன்னியா இல்லியா?" என்றார்.

  பவித்ராவின் புருஷன் முரளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாய். "வயித்துப் பிள்ளக்காரிய வெயில்ல நிக்க வெச்சிகினு இன்னா கேள்வி? மொதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லி ரெட்டெம்மா வீட்டுக்குள் கூட்டிப்போனாய். நம் வீடு எரிந்து கிடக்கிறது, நீ யாரோ ஒருத்திக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறாயே என்று எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே அவள் உன்னிடம் சொன்னதை நீ பிறகுதான் எனக்குச் சொன்னாய். விளக்கை அவள் அமர்த்தவில்லை. சாயங்காலம் வரைக்கும் எரிந்தால் பிள்ளைக்கு நல்லது என்று அவள் அம்மா போனில் சொல்லியிருந்தாள். மாமியார் கேட்டதற்கு அமர்த்திவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, திரியைத் தூண்டி, எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். விளக்கு வைத்த பலகைக்கு அந்தப் பக்கம் நம் பெட்டிகள்.

நீ வெளியே வந்தாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து நின்றாய். உரத்த குரலில் சொன்னாய்.

"அந்த ஃபிரிட்ஜ் பிளக்குல நெருப்பு தெறிக்குது, ஆள கூட்டிகினு வந்து பாருங்க பாருங்கனு எத்தினி தபா சொன்னேன் உங்ககிட்ட? வூட்ட விக்கத்தான போறோம்னு உட்டுட்டீங்களே. இப்ப பாருங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபிரிட்ஜ் பிளக்கில் எதுவும் தெறித்ததில்லை. இந்த வீட்டு வயரிங்கை நான் கூடவே நின்று செய்யவைத்தவன். ஒரு சுவிட்ச் ஆடினாலும் அன்றைக்கே ஆளைக் கூட்டிவருகிறவன். அது தெருவுக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? வாயைத் திறக்கப் போனேன். நீ கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் கெஞ்சிப் பார்த்ததில்லை. அன்று பார்த்தாய்.

"ஆமா. பாக்கணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

ஃபிரிட்ஜும் விளக்கு வைத்த பலகையும் ஒரே மூலை. ஃபிரிட்ஜ் உருகி நின்றது. வீட்டுக்காரர்களே சொல்லும்போது தீயணைப்புக்காரர்கள் எதற்கு மறுக்கப்போகிறார்கள்? ஷார்ட் சர்க்யூட் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சரோஜாவின் கோபம் மருமகளை விட்டு என் பக்கம் திரும்பியது. கோதண்டன் மரியாதையான மனிதர், அவரே குரலை உயர்த்தினார். "தெரிஞ்சே எங்ககிட்ட சாவி குடுத்தீங்களா சார்? உள்ள கொழந்தகுட்டி எல்லாம் இருந்துச்சே. நாங்க துன்னுகினு இருக்கும்போது புடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.  கூட்டத்தில் யாரோ, ரயில்வேயில் வேலை பார்த்த மனுஷன் இப்படியா என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ அந்தப் பெண்ணுக்கும் சரோஜாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாய்.

விற்பனை அத்தோடு போயிற்று. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். ஃப்ளாட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். பால் காய்ச்சிய அன்றைக்கே எரிந்த வீடு, அதுவும் வயரிங் சரியில்லாத வீடு என்று பெயர் வந்தபிறகு புரோக்கர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

நாம் கொஞ்ச நாள் கவிதா வீட்டில் தங்கியிருந்தோமே, அங்கே ஒரு மத்தியானம், கவிதாவும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தபோது, நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். பேர் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணுக்காக உன் ஃப்ளாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய், என்னையும் முட்டாளாக்கிவிட்டாய் என்றேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"நெசத்த சொல்லியிருந்தா மட்டும் அவங்க வாங்கியிருப்பாங்களா? எரிஞ்ச வூடு எரிஞ்ச வூடுதான். ஆனா அந்தப் பொண்ணு அந்த வூட்டுலயே காலமெல்லாம் குந்தணும். தறி வித்ததுக்கே அவள சொல்றாங்க. இதையும் அவ தலையில கட்டினா அவ எப்பிடிங்க சோறு துன்னுவா? உங்கள யாரு இன்னா பண்ணப்போறாங்க? ரெண்டு நாள் பேசுவாங்க."

"கவிதாகிட்டயாவது சொல்லு. அவ என்னைய திட்டிகினே கீறா" என்றேன்.

"அவ வாயி சும்மா இருக்காது. மாமனார் வூட்டுல சொல்லுவா, அங்கேந்து நகரிக்குப் போவும். வோணாம்."

 நீ ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாய். எதற்கு என்று கேட்டேன். "அந்த அரக்கு பட்டு" என்றாய். கவிதா கல்யாணத்துக்கு எடுத்த புடவை. கை வைத்ததும் அது பொடியாக உதிர்ந்ததை நானும் பார்த்திருந்தேன்.

பிறகு நாம் இங்கேயே திரும்பி வந்தோம். கதவு, ஜன்னல் மாற்றினோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வயரிங் முழுவதையும் புதிதாகப் போடவைத்தாய். ஊர் நம்ப வேண்டாமா என்றாய். அதற்கு வந்த எலக்ட்ரீஷியன் பழைய வயரை உருவிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு சார் என்றான். நீ அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, "நீ போடுப்பா" என்றாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சமையலறையில் நின்று சிரித்தோம். அந்தத் தீக்குப் பிறகு சிரித்தது அதுதான் முதல்.

ஆனால் உனக்கும் சலிப்பு வரும். முழங்கால் வலிக்கிற நாட்களில், தண்ணீர் வராத நாட்களில், "அந்தப் பொண்ணு ஒரு போன் பண்ணுச்சா பாத்தீங்களா? பிள்ள பொறந்துச்சா இல்லியானு கூட சொல்லல" என்பாய். கொஞ்சம் கழித்து நீயே, "எப்பிடி பண்ணுவா, பக்கத்துல அந்தம்மா நிக்கும்" என்பாய். ஒருநாள் மட்டும், குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் வாய மூடிகினு இருந்திருக்கலாங்க" என்றாய்.  குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

போன ஐப்பசி மழையில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. திருப்பதிக்குக் கொண்டுபோகிற வழியில் ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்து, "கேஸ் அடுப்ப மூடினீங்களா?" என்று கேட்டாய். மூடிவிட்டேன் என்றேன். உண்மையில் எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

உன் காரியத்துக்கு வந்தவர்கள் போனபின் கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "நைனா, அந்த ஒரு பிளக்க மாத்தியிருந்தா அம்மா ரெண்டு வருசமாவது அந்த ஃப்ளாட்டுல இருந்துட்டு போயிருப்பாங்க இல்ல?" நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று தோன்றியது. உன் போட்டோவுக்கு முன்னால் வைத்த விளக்கை மருமகன் ஒரு அட்டைப் பெட்டி பக்கத்திலிருந்து தள்ளிவைத்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தை மாதம் நகரியில் கவிதாவின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். போகப் பிடிக்கவில்லை, கவிதா விடவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் சரோஜா வந்து நின்றார். நீ போன செய்தியை விசாரித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா ரொம்ப நல்லவங்க சார், அன்னிக்கு எங்க பொண்ண உள்ள கூட்டிகினு போயி தண்ணி குடுத்தாங்க" என்றார். எங்கள் பொண்ணு என்றார், கவனித்தாயா? பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆனாலும் பந்தி முழுக்கக் கேட்கும்படிதான், "இப்பவாச்சும் வயரிங்கெல்லாம் மாத்திட்டீங்களா சார்?" என்றார்.

அவருக்குப் பின்னால் பவித்ரா சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள். சதை போட்டிருந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, வாயில் அப்பளம். பவித்ரா கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சாம்பார் சொட்டுவதுகூடத் தெரியாமல் என்னையே பார்த்தாள்.

"மாத்திட்டேம்மா. எல்லாம் புதுசா போட்டாச்சு" என்றேன்.

சரோஜா, "அதான் சார் நல்லது" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏய் பவி, சாருக்கு ஊத்து, பாத்துகினே நிக்கிற" என்று நகர்ந்தார். பவித்ரா குனிந்து ஊற்றினாள். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மாவ ஒருவாட்டி வந்து பாக்கணும்னு இருந்தேங்க" என்றாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். கண்ணீர் வந்ததா என்று நான் பார்க்கவில்லை. 

குழந்தை உன்னைப் போலவோ யாரைப் போலவோ இல்லை, நீ எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. அவர்கள் வீட்டுக் குழந்தை. பாட்டி இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, அவ்வளவுதான்.

இன்று காலை கவிதா போன் செய்தாள். நாளைக்கு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்களாம், கொஞ்சம் நன்றாகப் பேச வேண்டுமாம். "நைனா, தீ பத்தி கேட்டா மறைக்காத. என் தப்பு, கவனிக்காம உட்டுட்டேன், இப்ப எல்லாம் புதுசுனு நேராவே சொல்லிடு. நெசத்த சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

உள்ளே பெயின்டர் ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தார்.  கவிதாவிடம் சொல்வதென்றால் இதுதான் நேரம். நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் ஒருவேளை நீயே அவளிடம் சொல்லியிருப்பாய். சொல்லாமல் போய்விட்டாய். மகளிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனால் நீ அன்று தெருவில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள நீ இல்லை.

"சரிம்மா, அப்படியே சொல்றேன்" என்றேன்.